கொத்து வரிசை: வெடக்கோழிகள் கூட்டத்தில் இடம் பிடிக்கும் கதை



காலையில கோழிக்கூண்டைத் திறந்ததும் என்ன பார்க்கிறீங்க? திறந்து விட்டுட்டு அடுத்த வேலைக்குப் போயிருவோம். நாளைக்கு ஒரு நாள் மட்டும் ஐந்து நிமிடம் நின்னு பாருங்க. ஒரு குறிப்பிட்ட கோழிதான் முதல்ல வெளியே வரும். கம்பை வாரி இறைச்சா நடுவுல நின்னு அதுதான் தின்னும். இன்னொரு கோழி எல்லாரும் தின்னு முடிக்கிற வரைக்கும் வேலி ஓரத்துலயே நிக்கும். நடுவுல இருக்கிற கோழி லேசா தலையைத் தூக்கிப் பார்த்தாலே ஓரத்துக் கோழி விலகிடும். மறுநாளும் இதேதான் நடக்கும். யார் யாரைக் கொத்தலாம், யார் யாருக்கு வழிவிடணும் என்று கோழிகளுக்குள் ஒரு வரிசை இருக்கு. இந்த மாதப் பாடம் அதைப் பற்றித்தான்.

"கோழி கொத்திக்கிறதுக்கு ஒரு பாடமா?" என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைச்சேன். அதுக்கு ஒரு விலை கொடுத்த பிறகுதான் புரிஞ்சது.

நான் செய்த தப்பு

எங்க வீடு திண்டுக்கல்லுக்கு வடக்கே, வேடசந்தூர்ப் பக்கம். மானாவாரிச் சோளம், கொஞ்சம் முருங்கை, இரண்டு மாடு, பன்னிரண்டு பெட்டைக்கோழி, ஒரு சேவல். எல்லாம் சிறுவிடை. முட்டைக் காசுதான் மகளிர் குழுத் தவணைக்கு. இரண்டு வருசம் முன்னாடி தை மாசம், கூட்டத்தைப் பெருக்கலாம் என்று வாரச் சந்தையில ஆறு வெடக்கோழி வாங்கினேன். முட்டைக்கு வர இன்னும் ஒரு மாசம் இருக்கும், நல்ல பருவம். கால் கட்டை அவிழ்த்து நேரா களத்துல விட்டுட்டேன்.

எங்க அத்தை திண்ணையில உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருந்தாங்க. "ஏம்மா, நாலு நாள் பஞ்சாரத்துல கவுத்து வெக்காம விட்டுட்டியே?" என்றாங்க. "இருக்கட்டும் அத்தை, தானா பழகிக்கும்" என்று சொல்லிட்டு உள்ளே போயிட்டேன்.

பழகலை. பழைய கோழிகள் மாத்தி மாத்தி விரட்டின. புதுசுல நாலு விறகுக் குவியலுக்கு அடியில போய் ஒளிஞ்சுக்கிட்டு தீனிக்கே வரலை. ஒன்றுக்குக் கண் போச்சு. நாலாம் நாள் காலையில ஒன்று தலையெல்லாம் ரத்தமா செத்துக் கிடந்தது. பழைய கோழிகளும் முட்டையைக் குறைச்சிட்டன. தினம் ஐந்தாறு எடுத்த இடத்துல இரண்டு மூன்றுதான் கிடைச்சது.

இதோடு விட்டிருந்தா பரவாயில்லை. "எல்லாத்துக்கும் காரணம் இந்தக் கருப்பிதான்" என்று முடிவு பண்ணி, கூட்டத்துக்குத் தலையா இருந்த கருப்புப் பெட்டையைக் கறிக்குக் கொடுத்துட்டேன். அது போனதும் சண்டை கூடிப் போச்சு. அதுவரை அடங்கி இருந்த செவலையும் கீரியும் முதலிடத்துக்காக மோத ஆரம்பிச்சுதுங்க. அந்த மாசம் குழுத் தவணையைக் கைமாத்து வாங்கித்தான் கட்டினேன்.

நான் எங்கே தப்புப் பண்ணேன்? அதைத் தெரிஞ்சுக்க கோழியின் கணக்கை நாம படிக்கணும்.

கோழியைப் பார்த்து எழுதியவர்

இந்த வரிசையை முதன்முதலா முறையாக எழுதி வைத்தவர் நார்வே நாட்டுக்காரர், தொர்லெய்ஃப் ஷெல்டெருப்-எப்பே. 1894-ல் பிறந்தவர். சின்ன வயசிலேயே வீட்டுக் கோழிகளை உட்கார்ந்து பார்ப்பதும், எது எதைக் கொத்துது என்று நோட்டுப் போட்டு எழுதுவதும்தான் அவருக்கு வேலை. பெரியவரான பிறகு அதையே ஆராய்ச்சியாக்கி, 1922-ல் ஜெர்மன் மொழியில் வெளியிட்டார். அவர் வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் 'கொத்து வரிசை'. இன்றைக்கு ஆபீசுல, கட்சியில யார் மேலே யார் கீழே என்று பேசும்போது வெள்ளைக்காரர்கள் சொல்லும் சொல் கோழிக் கூட்டத்துல இருந்து போனதுதான்.

அவர் கண்டது இதுதான். எந்த இரண்டு கோழியை எடுத்தாலும், அவற்றுக்குள் ஒன்று கொத்தும், மற்றது கொத்து வாங்கும். இது ஒரு தடவை முடிவானால் தினமும் சண்டை வேண்டியதில்லை. சின்னக் கூட்டத்துல பெரும்பாலும் ஏணிப்படி மாதிரி ஒரே வரிசையா இருக்கும். சில நேரம் முக்கோணமும் வரும்: செவலை கீரியைக் கொத்தும், கீரி வெள்ளையைக் கொத்தும், ஆனா வெள்ளை செவலையைக் கொத்தும்.

இதுல கணக்கு ரொம்ப முக்கியம். வரிசை என்பது இரண்டு இரண்டு பேராகச் செய்யும் முடிவு. எங்க வீட்டுப் பன்னிரண்டு பெட்டைக்குள் 66 ஜோடி. அந்த 66-ம் ஏற்கெனவே முடிவானது. நான் ஆறு புதுசை விட்டதும், ஒவ்வொரு புதுசும் பன்னிரண்டு பழசோடு முடிவு பண்ணணும், அது 72. அந்த ஆறும் வேற வேற வீட்டுல இருந்து சந்தைக்கு வந்தது, அதுகளுக்குள்ளேயே 15. ஆக மொத்தம் 87 வழக்கு. எல்லாத்தையும் ஒரே நாள்ல, ஒரே களத்துல தீர்க்கச் சொன்னது நான்தான். கருப்பி மேல என்ன குற்றம்?

குஞ்சில் இருந்து முட்டைக்கோழி வரை

ஒரே தாய்க்கு அடியில வளரும் குஞ்சுகளுக்கு இவ்வளவு துன்பம் வராது. படிப்படியா வரிசை போட்டுக்கும்.

முதல் இரண்டு வாரம் குஞ்சுகள் தீனியைக் கொத்தப் பழகும், அவ்வளவுதான். மூன்றாவது வாரம் வாக்குல ஒரு விளையாட்டு ஆரம்பிக்கும். திடீர்னு றெக்கையை அடிச்சுக்கிட்டு ஓடும், எதிர்ல வர்ற குஞ்சு முன்னாடி நின்னு நெஞ்சை நிமிர்த்தும், இரண்டும் குதிக்கும், உடனே மறந்துட்டுப் புழு தேடப் போயிரும். இது விளையாட்டுச் சண்டை. யாருக்கும் வெற்றி தோல்வி கிடையாது.

ஆறு வாரத்துக்கு மேல விளையாட்டு மாறி உண்மையான கொத்தாகும். சேவல் குஞ்சுகள் ஏழெட்டு வாரத்துலயே தங்களுக்குள் வரிசை போட்டுடும். பெட்டைக் குஞ்சுகளுக்கு எட்டு முதல் பத்து வாரம் ஆகும். நம்ம நாட்டுக்கோழியில தாய் குஞ்சைக் 'கொத்திப் பிரிக்கிறது' ஏறக்குறைய இந்தப் பருவத்தை ஒட்டித்தான் நடக்கும். அதுவரை தாயோட நிழல்ல இருந்த குஞ்சு, அன்றைக்குத்தான் கூட்டத்துல தனி ஆளா நிக்குது. தாய் கூட இருக்கும்போது மற்ற கோழி எதுவும் குஞ்சை நெருங்காது. குஞ்சோட இருக்கும் தாய்க்குக் கூட்டத்துல மரியாதை கூடும். சாதாரணமா வழிவிடும் கோழிகூட அப்போ யாருக்கும் அஞ்சாது. பிரிச்ச பிறகு குஞ்சுகளுக்கு அந்தக் காவல் கிடையாது. இளங்குஞ்சுகள் மெலிவதையும், காணாமல் போவதையும் இந்தக் கட்டத்துலதான் அதிகம் பார்க்கிறோம். கொத்துக்குப் பயந்து களத்தை விட்டுத் தள்ளிப் போற குஞ்சைத்தான் கீரியும் பருந்தும் தூக்கும்.

மூன்றாவது கட்டம், முட்டைக்கு வரும் பருவம். ஐந்தாறு மாசத்துல வெடக்கோழிக்குக் கொண்டை சிவக்கும், முகம் மினுங்கும், கேற ஆரம்பிக்கும். அதுவரை பெரிய கோழிகளுக்கு வழிவிட்டது, இப்போ திரும்பி நின்னு முறைக்கும். சில இடம் மாறும். முதல் முட்டைக்கு முன்னாடி சின்னச் சின்னச் சண்டை வந்தா பயப்பட வேண்டாம்.

எந்தக் கோழி மேலே போகும்?

உடல் எடை மட்டும் முடிவு செய்யறதில்லை. வயசுல மூத்தது, கொண்டை பெருசா சிவப்பா இருக்கிறது, இதுக்கு முன்னாடி ஜெயிச்சுப் பழகினது, அந்த இடத்துல ஏற்கெனவே குடியிருக்கிறது, இதெல்லாம் முன்னுக்கு வரும். இறகு உதிர்க்கும் கோழி, நோயில் எழுந்த கோழி, புது இடத்துக்கு வந்த கோழி, இதெல்லாம் பின்னுக்குப் போகும். 1939-ல் அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்துல, வரிசையில கீழே இருந்த பெட்டைகளுக்கு ஆண் சுரப்பு நீரை ஊசியாகப் போட்டுப் பார்த்தார்கள். கொண்டை பெருத்தது, கீழே இருந்த கோழிகள் மேலே ஏறின. சுரப்பு நீர், கொண்டை, துணிச்சல் மூன்றும் ஒன்றோடு ஒன்று சேர்ந்தது என்பது அதுல இருந்து தெரியும்.

ஒரு கோழி இன்னொரு கோழியைத் தலையையும் கொண்டையையும் பார்த்துத்தான் அடையாளம் காணுது. கொண்டையின் தோற்றத்தை மாற்றிவிட்டால், கூட இருந்த கோழிகளே அதைப் புதுசு என்று நினைச்சுக் கொத்தும். இதுல நமக்கு ஒரு பாடம் இருக்கு. நம்ம கோழி என்று அடையாளத்துக்காகத் தலையில, கழுத்துல சாயம் பூசுவதை விடுங்க. காலில் துணி நாடா கட்டினால் போதும்.

நினைவுக்கும் ஒரு அளவு உண்டு. இரண்டு மூன்று வாரம் பிரிஞ்சிருந்த கோழியைக் கூட்டம் மறந்துடும். அடையில இருந்ததையோ, வைத்தியத்துக்காகக் கூண்டில் அடைச்சதையோ திரும்ப விடும்போது புதுக்கோழி மாதிரியே நடத்தணும். கூட்டத்தின் கண்ணுக்குத் தெரியற மாதிரி கம்பிக்கூண்டுல வெச்சிருந்தா இந்தச் சிக்கல் குறையும்.

சேவல் ஒன்று இருந்தால் நல்லது. சேவலுக்கு வரிசை தனி. பெட்டைகளை அது பெரும்பாலும் கொத்தாது. பெட்டைகள் மோதிக்கொள்ளும்போது குறுக்கே வந்து நிக்கும். எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் என்பது கணக்கு.

எது இயல்பு, எது ஆபத்து?

எல்லாக் கொத்தும் ஒன்று இல்லை. இதைப் பிரிச்சுப் பார்க்கத் தெரிஞ்சாலே பாதி வைத்தியம் முடிஞ்சது.

வரிசைக்கான கொத்து: நேருக்கு நேர் நடக்கும். கழுத்து இறகு சிலிர்க்கும். கொத்து தலையில, கொண்டையில விழும். தோத்தது தலையைத் தாழ்த்தி விலகினதும் முடிஞ்சுடும். இதுல நாம குறுக்கே போகக் கூடாது. பாவம் பார்த்து நடுவுல பிரிச்சு விட்டா வழக்கு முடியாது. மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கும்.

விரட்டுதல்: தோத்து ஓடின பிறகும் விடாம துரத்துறது, தீனிக்கும் தண்ணிக்கும் வரவிடாம மறிக்கிறது. அந்தக் கோழிக்கு ஓட இடம் இல்லை, அல்லது தீனி ஒரே இடத்துல இருக்கு என்று அர்த்தம். உடனே சரி பண்ணணும்.

இறகு பிடுங்குதல்: பின்னாடி வந்து முதுகு, வால் இறகைப் பிடுங்கித் தின்கிறது. இதுக்கும் வரிசைக்கும் சம்பந்தம் இல்லை. நெருக்கடி, கிளறித் தின்ன வழியில்லாமை, புரதக் குறைவு, உப்புக் குறைவு, பேன், செள்ளு இவைதான் காரணம்.

ஆசனவாய்க் கொத்து: முதல் முட்டை இடும் வெடக்கோழிக்குச் சில நேரம் பின்பக்கம் சிவந்து வெளியே தள்ளும். மற்றவை அதைக் கொத்தினால் குடலையே இழுத்துடும். முட்டையிடும் பெட்டி மறைவா, இருட்டா இருந்தா இதைத் தடுக்கலாம்.

பெரிய பண்ணைகள்ல கொத்தைத் தடுக்க அலகை வெட்டறாங்க. நாம அலகை வெட்ட வேண்டாம். அலகுக்கு வேலை கொடுத்தா போதும். குப்பைமேடு, காய்ந்த சருகு, கட்டித் தொங்கவிட்ட கீரைக்கட்டு, இரண்டு நாளைக்கு ஒருமுறை கரையான். பழைய மண்பானையில காய்ந்த சாணம், கிழிந்த சாக்கு, சோளத்தட்டைத் துண்டுகளைப் போட்டுத் தண்ணி தெளிச்சு, கரையான் இருக்கும் இடத்துல சாயங்காலம் கவுத்து வெச்சா காலையில தீனி தயார். நிலக்கடலைப் பிண்ணாக்கு, அசோலா, கொஞ்சம் கருவாட்டுத் தூள் சேர்க்கலாம். கருவாட்டுல உப்பு அதிகம், அளவு மீறக் கூடாது. பூஞ்சை பிடிச்ச பிண்ணாக்கைத் தொடவே வேண்டாம்.

புதுக் கோழியைச் சேர்க்கும் முறை

போன வருசம் புரட்டாசியில ஐந்து வெடக்கோழி வாங்கினேன். இந்தத் தடவை அத்தை சொன்னதைக் கேட்டு, படிச்சதையும் சேர்த்து இப்படிச் செய்தேன்.

1. ஒரே வீட்டுல, ஒரே தாய்க்குப் பிறந்ததா ஐந்தையும் வாங்கினேன். அதுகளுக்குள் வரிசை ஏற்கெனவே முடிஞ்சிருந்தது. தனியா ஒரே ஒரு கோழியை வாங்கி விடாதீங்க; கொத்து எல்லாம் அது ஒன்றின் தலையிலயே விழும்.

2. முதல் மூன்று வாரம் மாட்டுக்கொட்டகைக்கு அந்தப் பக்கம் தனியா. இது நோய்க்காக. எந்தச் சந்தையானாலும், யார் வீடானாலும் இந்தக் காவல் வேணும். வெள்ளைக்கழிச்சல் வந்தால் கூட்டமே போயிடும். எட்டு வாரத்துல போட வேண்டிய வெள்ளைக்கழிச்சல் ஊசி போட்டாச்சா என்று கேட்டு, இல்லைன்னா பக்கத்துக் கால்நடை மருந்தகத்துல போட்டுக்கணும். பழைய கோழிக்குத் தீனி வெச்ச பிறகுதான் புதுசுகிட்டப் போகணும். திரும்பும்போது கைகால் கழுவணும்.

3. நாலாவது வாரம் களத்து ஓரத்துல கம்பிவலைக் கூண்டு. பார்க்கலாம், தொட முடியாது. வலைக்கு இரண்டு பக்கமும் பக்கத்துல பக்கத்துல தீனி போட்டேன். முதல் இரண்டு நாள் செவலை வலையைக் கொத்தினது. ஐந்தாம் நாள் கவனிக்கவே இல்லை. நம்ம பெரியவங்க பஞ்சாரத்துல கவுத்து வெச்சதும் இதே காரணத்துக்குத்தான்.

4. எட்டாம் நாள் பொழுது சாய்ந்த பிறகு, கூண்டுக்குள் கம்பத்துல பழசோடு ஏத்திவிட்டேன். இருட்டுல கோழிக்குக் கண் தெரியாது, அடங்கி இருக்கும். ஆனா விடியறதுக்கு முன்னாடி நாம எழுந்து கூண்டைத் திறந்துடணும். அடைச்ச கூண்டுக்குள் விடியல் வந்தா பழைய கதைதான்.

5. தீனி மூன்று இடம், தண்ணி மூன்று இடம், ஒன்றுக்கொன்று பத்தடி தள்ளி. நடுவுல முருங்கைக் கழியும் பழைய தென்னமட்டையும் சாய்ச்சு வெச்சேன், ஒளிஞ்சுக்க. ஒளிவிடத்துக்கு இரண்டு பக்கமும் வழி இருக்கணும். முட்டுச்சந்தா இருந்தா உள்ளே மாட்டிக்கும்.

இட அளவையும் சொல்லிடுறேன். ராத்திரிக் கூண்டுல கோழிக்கு ஒன்றரை முதல் இரண்டு சதுர அடி. உட்காரும் கம்பத்துல முக்கால் அடி. கம்பங்கள் ஒரே உயரத்துல இருக்கட்டும். ஏணி மாதிரி வெச்சா மேல் கம்பத்துக்கே தினமும் சண்டை. நாலைந்து கோழிக்கு ஒரு முட்டைப் பெட்டி.

நம்ம பக்கம் பங்குனி, சித்திரை வெயிலைச் சொல்ல வேண்டியதில்லை. நிழல்ல ஒரே ஒரு தண்ணிப் பானை இருந்தா, மேலே இருக்கிற கோழி அது பக்கத்துலயே படுத்துக்கும். கடைசிக் கோழி தண்ணியில்லாம வெயில்ல சுருண்டு விழும். 'வெயில் தாங்கலை' என்று நாம சொல்லும் சில சாவுகள் இப்படி வந்தவைதான்.

காயம் பட்டால்

ரத்தத்தைப் பார்த்தா மற்ற கோழிகள் விடாது. உடனே தூக்கித் தனியா வெக்கணும். உப்புத் தண்ணியில கழுவி, குப்பைமேனி இலை, மஞ்சள் இரண்டையும் அரைச்சுத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சித் தடவலாம். கண்ணுல பட்ட காயம், ஆழமான காயம் என்றால் கைவைத்தியத்தை நிறுத்திட்டு மருத்துவரிடம் போங்க. திண்டுக்கல்லில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பயிற்சி, ஆராய்ச்சி மையமும் இருக்கு. கோழி வளர்ப்பு பற்றிக் கேட்டுக்கலாம். புண் முழுசா ஆறினபின், சாயங்காலம் பார்த்துத்தான் திரும்ப விடணும்.

வீட்டுப் பாடம்

பத்து நாள் நோட்டுப் போடுங்க. பிள்ளைகளை இதுல சேர்த்துக்கிட்டா ஆர்வமா செய்வாங்க. ஒவ்வொரு கோழிக்கும் நிறத்தை வெச்சு ஒரு பேர். காலையில தீனி போடும்போது பத்து நிமிடம், எது எதைக் கொத்தினது என்று மட்டும் எழுதுங்க. பத்து நாள்ல உங்க வீட்டு வரிசை நோட்டுல நிக்கும். பிறகு மூன்று கேள்வி கேட்டுப் பாருங்க. கடைசி இரண்டு கோழிகளும் சாயங்காலம் அடையும்போது தீனிப்பை நிறைஞ்சிருக்கா, தடவிப் பார்த்தீங்களா? மேலே இருந்த கோழி திடீர்னு கீழே இறங்கியிருக்கா? அப்படின்னா அதுக்கு நோய் ஆரம்பம், முதல்ல அதைப் பாருங்க. விற்க நினைக்கிற கோழி வரிசையில எங்கே இருக்கு? கூட்டம் அமைதியா இருக்கும்போது தலைக்கோழியை அவசரப்பட்டு எடுக்காதீங்க. அடை வைக்கிற நேரத்துலயும், புதுசு சேர்க்கிற மாசத்துலயும் எதையுமே எடுக்க வேண்டாம்.

எங்க ஐந்து வெடக்கோழியும் பிழைச்சுது. வரிசை அடங்க இரண்டு வாரம் ஆச்சு. அதுல வெள்ளை ஒன்று இன்னும் கடைசியாத்தான் இருக்கு. எந்தக் கூட்டத்துலயும் ஒன்று கடைசியா இருந்துதான் தீரும், அதை நம்மால மாத்த முடியாது. ஆனா முருங்கை மரத்தடியில மூன்றாவது தட்டு அதுக்காகவே வெச்சிருக்கேன். போன வாரம் விறகுக் கட்டுக்குப் பின்னாடி பதினோரு முட்டையோட அடைக்கு உட்கார்ந்துடுச்சு. அத்தைதான் கண்டுபிடிச்சாங்க. "இனி குஞ்சோட வரட்டும் பாரு, செவலையே வழிவிடும்" என்றாங்க.